இலந்தை மரத்தடி: அமிர்தசரஸ் குறிப்புகள்

ஜனவரி 4

பனிமூட்டம். எதிர்ச்சாரியில் டீக்கடையே தெரியவில்லை, ஸ்டவ் சத்தம் மட்டும் கேட்கிறது. ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு.வுக்குள் 10 நிமிடம் விட்டார்கள். என் வீட்டுக்காரர் நேற்றுப் போலவே இருக்கிறார். கால் சில்லென்று இருந்தது. போர்வை கொண்டுவரட்டுமா என்று கேட்டேன், வெளித்துணி கூடாதாம்.

ஜனவரி 5

11 மணி வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருக்க இனி என்னால் ஆகாது. இருட்டோடு கிளம்பி தர்பார் சாகிப், அதாவது பொற்கோயில், போய்விட்டேன்.

செருப்பு வாங்கி வைக்கும் இடத்தில் கோட் போட்ட பெரியவர் ஒருவர். என் ரப்பர் செருப்பை இரண்டு கையாலும் வாங்கி, துணியால் துடைத்து, அப்புறம்தான் அடுக்கில் வைத்தார். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, வாசலில் ஓடும் தண்ணீரில் கால் நனைத்து உள்ளே போனால் படி இறங்குகிறது. நம் கோயில்களில் அண்ணாந்து பார்த்தே பழக்கம். இங்கே குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பொன் வேய்ந்த கோயில் பள்ளத்தில், குளத்துக்கு நடுவில். யாராக இருந்தாலும் இறங்கித்தான் வர வேண்டும் என்றே சீக்கியர்களின் ஐந்தாம் குரு அர்ஜன் அப்படிக் கட்டினாராம். நாலு திசைக்கும் நாலு வாசல்.

நரசிங்கா என்ற கொம்பை ஊதினார்கள். எதிரே இருக்கும் அகால் தக்த் என்ற கட்டடத்திலிருந்து பால்கி வந்தது. பல்லக்கில் சாமி சிலை இல்லை, குரு கிரந்த் சாகிப் என்ற நூல். அதைத்தான் உயிருள்ள குருவாக வைத்திருக்கிறார்கள். தோள் கொடுக்க அவ்வளவு தள்ளுமுள்ளு. ராத்திரி திரும்பக் கொண்டுபோய் கட்டிலில் கிடத்தி, போர்வை போர்த்தித் தூங்க வைப்பார்களாம்.

இவருக்கு ஒரு வெள்ளை விரிப்புதான்.

ஜனவரி 6

மாற்றமில்லை.

ஜனவரி 8

குளத்தின் கிழக்குப் பக்கத்தில் ஓர் இலந்தை மரம். துக் பஞ்சனி பேரி, துக்கம் போக்கும் இலந்தை. எங்கள் ஊர் ஏரிக்கரையில் முள்ளும் பழமுமாக நிற்குமே, அதே சாதிதான். கம்பியைப் பிடித்து இறங்கி இந்தக் குளிரிலும் முங்குகிறார்கள்.

அதன் கதையை அங்கே ஓர் அம்மா சொன்னார். பட்டி என்கிற ஊரில் துனி சந்த் என்று வரி வசூலிக்கும் அதிகாரி. உங்களுக்குச் சோறு போடுவது யார் என்று பெண்களைக் கேட்டான். மற்றவர்கள் அப்பாதான் என்றார்கள். கடைசிப் பெண் ரஜ்னி மட்டும் கடவுள் என்றாள். அந்தக் கோபத்தில் அவளைக் குஷ்டரோகிக்குக் கட்டிவைத்துவிட்டான். அவள் புருஷனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து ஊர் ஊராகப் போனாள். ஒருநாள் இந்த மரத்தடியில் இறக்கி வைத்துவிட்டுச் சாப்பாடு தேடிப் போனாள். அப்போது இது வெறும் குட்டை. கறுப்புக் காக்கைகள் முங்கி வெள்ளையாகப் பறந்து போவதை அவன் பார்த்தான். தவழ்ந்து போய் அவனும் முங்கினான். உடம்பு முழுக்க ஆறிவிட்டது, கரையைப் பிடித்திருந்த ஒரு விரலைத் தவிர.

அவள் திரும்பி வந்து பார்த்தாள். நம்பவில்லை. நீ யார், என் புருஷனை என்ன செய்தாய் என்று சண்டை போட்டாள். விரலைக் காட்டினான். அப்போதும் சந்தேகம் தீராமல் குரு ராம்தாஸிடம் போனார்கள். அவர் சொன்ன பிறகுதான் நம்பினாள். அந்தக் குட்டையைத்தான் 1577-இல் அவர் பெரிய குளமாக வெட்டினார். சரோவர் என்கிறார்கள்.

போனில் அத்தையிடம் சொன்னேன். “நளாயினி கதையாட்டம் இருக்கேம்மா. அந்தத் தண்ணிய கொஞ்சம் எடுத்து அவன் நெத்தில தடவு” என்றார். ஒரு சொட்டுகூட உள்ளே விடமாட்டார்கள் என்று சொல்ல மனசு வரவில்லை. சரி அத்தை என்றேன்.

ஜனவரி 9

காக்கை வெள்ளையானதை நம்ப முடிகிறது. இதை நம்ப முடியவில்லை. தலையில் சுமந்த மனுஷனின் முகம் எப்படித் தெரியாமல் போகும்? கண், காது, குரல்? ராத்திரி முழுக்க இதே நினைப்பு. அவள் மேல் கோபம்கூட வந்தது.

ஜனவரி 11

டாக்டர் ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்ற ஒரே வார்த்தையை மூன்று விதமாகச் சொன்னார். முதலில் பணம் கட்டிவிட்டு வாருங்கள் என்று கவுன்டரில் ஒரு பையன். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். யாரும் என்ன என்று கேட்கவில்லை. அது நல்லதாகத்தான் இருந்தது.

ஜனவரி 12

லங்கரில், எல்லோருக்கும் இலவசமாகச் சோறு போடும் கோயில் சமையற்கூடத்தில், பட்டாணி உரித்தேன். யாரும் கூப்பிடவில்லை. ஓர் அம்மா நகர்ந்து இடம் விட்டார், உட்கார்ந்துவிட்டேன். மரத்தடியில் கதை சொன்ன அதே அம்மா. மலை போலக் குவியல். காம்புப் பக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் தோல் டப்பென்று திறக்கும், அப்படியே வழித்துவிட வேண்டும். முதலில் நகக்கண் எரிந்தது, அப்புறம் பழகிவிட்டது. பக்கத்தில் தட்டு கழுவும் சத்தம், ஆயிரம் எவர்சில்வர் தட்டு ஒன்றோடொன்று மோதும் சத்தம். எனக்கு அது பிடித்திருக்கிறது. வேறு எதுவும் கேட்காது.

நாளைக்கு 50,000 பேருக்குக் குறையாமல் சாப்பிடுகிறார்கள். பந்தியில் எல்லோரும் தரையில்தான். கோயிந்த்வாலில் குரு அமர்தாஸைப் பார்க்க வந்த அக்பரும் முதலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாராம். ரொட்டியைத் தட்டில் போடுவதில்லை. திருநீறு வாங்குவது போல கை நீட்ட வேண்டும், இரண்டு கையையும் சேர்த்து. ரொட்டிக்குப் பேரே பிரசாதம், பர்ஷாதா.

அந்த அம்மா என்னை ‘புத்தர்’ என்கிறார். பிள்ளை என்று அர்த்தம். 1973-இல் குளத்தைத் தூர்வாரியபோது சின்னப் பெண்ணாகச் சேறு சுமந்தாராம். கார் சேவை என்பது அதற்குப் பெயர். 1923-இல் நடந்ததில் அவர் பாட்டி சுமந்தாராம். கூடை தூக்கிய கணக்கைப் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

கூடை என்றதும் எனக்கு மறுபடி ரஜ்னி.

ஜனவரி 13

லோஹ்ரி. தெருவெல்லாம் தீ மூட்டி எள்ளும் வெல்லமும் போடுகிறார்கள். ஊரில் இன்று போகி. காய்ச்சல் 102.

ஜனவரி 15

பட்டாணி அம்மா கோயிந்த்வால் கிணற்றைப் பற்றிச் சொன்னார். பாவ்லி, இறங்கிப் போகும் படிக்கிணறு. 84 படி. ஒவ்வொரு படிக்கும் ஒரு முறை குளித்து, ஒரு முறை குரு நானக்கின் ஜப்ஜி சாகிப் பாட்டைச் சொல்ல வேண்டும். 84 முறை முடித்தால் 84 லட்சம் பிறவி தீரும். நம் தாத்தா பாட்டிகள் சொன்ன அதே கணக்கு.

போகலாமா என்று கேட்டார். மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு ஜப்ஜிக்கு 20 நிமிடம் என்றாலும் மொத்தம் 28 மணி நேரம். இவரை விட்டுவிட்டு 28 மணி நேரமா? முடியாதம்மா என்றேன். “இங்கே உரிக்கிறாயே, இது போதும்” என்றார். போதுமா?

ஜனவரி 16

28 மணி நேரம். ரஜ்னி எவ்வளவு நேரம் போயிருப்பாள்?

ஜனவரி 18

காய்ச்சல் இல்லை. எழுதவே பயமாக இருக்கிறது.

மாகிப் பண்டிகை முடிந்ததால் இப்போது கீர்த்தனையில் பசந்த் ராகம். ஹோலியை ஒட்டி வரும் ஹோலா மொஹல்லா திருவிழா வரை பாடுவார்களாம். குளிரில் பல் கிடுகிடுக்கிறது, பாட்டில் மட்டும் வசந்தம் வந்துவிட்டது. 1947 வரை ரபாப் என்ற நரம்பு வாத்தியம் வாசிக்கும் முஸ்லிம் ரபாபிகளும் இங்கே பாடியிருக்கிறார்கள். குரு நானக்கோடு ரபாப் வாசித்துக்கொண்டே நடந்த மர்தானாவின் வழி வந்தவர்கள். பிரிவினையில் எல்லை தாண்டிப் போய்விட்டார்கள். லாகூர் இங்கிருந்து 50 கிலோமீட்டர்தான். பக்கத்திலேயே இருந்துகொண்டு திரும்ப வர முடியாமல் போவதை நினைத்துக் குளக்கரையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆப்கன் அரசன் அப்தாலி 1762-இல் இந்தக் கோயிலை வெடி வைத்துத் தகர்த்தான். குளத்தைத் தூர்த்தான். மறுபடி கட்டினார்கள். பொன் தகடெல்லாம் அப்புறம் மகாராஜா ரஞ்சித் சிங் காலத்தில்.

ஜனவரி 20

கண் திறந்தார்.

ஜனவரி 22

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். எனக்குச் சொல்லவில்லை. காலையில் போனால் அந்தக் கட்டில் காலி. அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி எழுதமாட்டேன்.

மாடி வார்டில் தேடினேன். ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டே கடைசி வரை போய்விட்டேன். இவர் இல்லை. திரும்பி வரும்போது மூன்றாவது கட்டிலில் ஒரு கை மெல்ல ஆடியது. தாடியை, மீசையை எல்லாம் மழித்திருந்தார்கள். கன்னம் ஒட்டி, யாரோ ஒரு வயசான மனுஷன். நான் முகத்தைப் பார்க்கவில்லை. இடது கட்டைவிரலைத்தான் பார்த்தேன். கல்யாணமான புதிதில் அரிவாள்மணையில் தேங்காய் துருவித் தருகிறேன் என்று வெட்டிக்கொண்ட தழும்பு.

ரஜ்னி, மன்னித்துவிடு தாயே.

ஜனவரி 23

வார்டில் வெளிப்போர்வை கொண்டுவரலாமாம். கடைத்தெருவில் ரஜாய், மெத்தைப் போர்வை, விலை கேட்டேன். பஞ்சு வைத்தது வேண்டுமா, லேசானது வேண்டுமா என்றார் கடைக்காரர். இவருக்குக் கனம் தாங்குமா தெரியவில்லை. காலையில் நர்ஸிடம் கேட்டுக்கொண்டு வாங்க வேண்டும்.