இரண்டு மீட்டரில் நிற்பது

எங்கள் வீட்டில் சாமி மாடத்துக்கு அடுத்தபடியாக மரியாதையுள்ள இடம், கேமராக்களை ஈரம் படாமல் வைக்கும் டிரை கேபினெட்டுக்குத்தான். ஏன் என்று சிங்கப்பூரில் கேமரா வைத்திருப்பவர்களிடம் சொல்லத் தேவையில்லை. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் காற்றில் ஈரம் இருந்துகொண்டே இருக்கும். லென்ஸைத் துணியில் சுற்றி அலமாரியில் போட்டுவைத்தால், கொஞ்ச காலத்தில் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்துவிடும். ஈரப்பதத்தை 45 விழுக்காட்டில் வைத்திருக்கிறேன். ரொம்பக் குறைத்தாலும் ஆகாது, ரப்பரும் பழைய தோலும் காய்ந்து உரியத் தொடங்கும். 'இவ்வளவு செலவு செஞ்சு வாங்கியிருக்கீங்க, ஊறுகாயாவது வைக்கலாமா?' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார் என் மனைவி.

மேல்தட்டில் இருப்பது அப்பாவின் யாஷிகா எலக்ட்ரோ 35. 1966இல் தொடங்கிய வரிசை அது. பொத்தானைப் பாதி அழுத்தினால் மேலே சின்ன விளக்கு எரியும். மஞ்சள் எரிந்தால் ஷட்டர் மெதுவாக ஓடப்போகிறது, கையை ஆட்டக்கூடாது. சிவப்பு என்றால் வெளிச்சம் அதிகம். மூச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்க அதில்தான் கற்றேன். அப்பாவின் சிக்கனம் வேறு. ஒரு ரோலில் 36 படம், அது தைப் பொங்கலில் தொடங்கித் தீபாவளி வரை வர வேண்டும். எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டு ஆல்பத்தில் பொங்கல் பானைக்கு அடுத்த பக்கத்திலேயே நாங்கள் மத்தாப்பு பிடித்துக்கொண்டு நிற்பது அதனால்தான். நடுவில் நடந்த எதற்கும் படமில்லை.

தேசிய சேவை முடித்துக் கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, பெனின்சுலா பக்கம் இருந்த கடைகளில் சனிக்கிழமைதோறும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்று, கடைசியில் வாங்கியது நிக்கான் எஃப்எம்2. 1982இல் வந்த கேமரா. ஷட்டர் வேகம் நொடியில் நாலாயிரத்தில் ஒரு பங்கு வரை போகும். பேட்டரி வெளிச்சத்தை அளக்க மட்டும்தான், அது தீர்ந்தாலும் கேமரா நிற்காது. எனக்கு இதுதான் பிடித்தது. பட்டறையில் நாள் முழுக்க இயந்திரங்களோடு இருப்பவனுக்குத் பேட்டரியை நம்பாமல் ஓடும் பொருளின் மேல் ஒரு மதிப்பு வந்துவிடும்போல.

ஃபிலிமையும் வீட்டிலேயே கழுவத் தொடங்கினேன். புத்தகங்களில் எல்லாம் 20 டிகிரி என்று போட்டிருக்கும். நம் குழாயில் வரும் தண்ணீரோ 28, 29. ஐஸ் கட்டிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மருந்துக்குள் தொங்கவிட்டு, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அடுப்படியில் அம்மா மீன் குழம்பு வைக்க, கழிவறையில் நான் புளித்த வாடையுள்ள மருந்தை ஊற்ற, வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் எதிலிருந்து எந்த வாடை வருகிறது என்று தெரியாமல் விழிப்பார்கள்.

எஃப்எம்2இன் வேலை முழுக்கத் தைப்பூச இரவுகளில்தான். நள்ளிரவை ஒட்டி சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் பால்குடங்கள் புறப்படத் தொடங்கிவிடும். டேங்க் ரோடு முருகன் கோயில் வரை கூடவே நடப்பேன். எச்பி5 என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமை 1600க்குத் தள்ளி, அதாவது குறைந்த வெளிச்சத்துக்கு ஏற்பக் கூடுதல் நேரம் கழுவினால் புள்ளி புள்ளியாகத்தான் வரும், ஆனால் தெருவிளக்கிலேயே படம் கிடைக்கும். முதலில் 105 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்திருந்தேன். தூரத்திலிருந்து அலகு குத்திய முகத்தை நிறைத்து எடுக்கலாம், எல்லோரும் பாராட்டுவார்கள். அந்தப் படங்களைச் சுற்றுலாப் பயணியும் எடுப்பார். காவடி எடுப்பவர் எப்படிப் புறப்பட்டு எப்படி வந்து சேர்ந்தார் என்பது அதில் இருக்காது. அகலமாகக் காட்டும் 35 லென்ஸை மாட்டி இரண்டு மீட்டரில் நின்றால்தான், பக்கத்தில் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடும் தம்பியும், சிரித்துக்கொண்டே அழும் அம்மாவும், நாதஸ்வரம் தூரமாகிவிட்டதே என்று 'வேல் வேல்' போடும் கூட்டாளிகளும் ஒரே சட்டத்துக்குள் வருவார்கள். அவ்வளவு கிட்ட நிற்க வேண்டுமென்றால் அவர்களுக்கு நம்மைத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தண்ணீர் பாட்டிலைப் பிடிக்கிற வேலையாவது செய்ய வேண்டும். 105ஐ விற்றுவிட்டேன். அதற்கப்புறம் நான் வாங்கியவற்றில் மனதுக்கு நெருக்கமாக நின்றவை எல்லாம் 35, 40 சுற்றிலேயே இருக்கின்றன.

பிள்ளைகள் பிறந்த காலத்தில் ஒரு ஒலிம்பஸ் மியூ-2 இருந்தது. பீச், பிறந்தநாள், பள்ளி ஆண்டுவிழா என்று எல்லாவற்றுக்கும் பையில் கிடந்தது. அப்புறம் 6 மெகாபிக்சல் நிக்கான் டி70. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நல்ல கேமராதான். ஆனால் அதில் எடுத்தவை எந்த ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன என்று தேட ஒரு நாள் வேண்டும். அப்பாவின் சிக்கன ஆல்பத்தை எடுக்க ஒரு நிமிடம் போதும்.

2011இல் ஃபூஜி எக்ஸ்100 வந்தது. 35க்குச் சமமான ஒரே லென்ஸ், கழற்ற முடியாது. ஃபோகஸ் பிடிக்க அது எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு கோப்பி குடித்துவிடலாம், ஆனால் ஷட்டர் சத்தமே கேட்காது. அந்த ஆண்டு ஜூன் 30ஆம் தேதியோடு தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தை மூடினார்கள். 1932இல் திறந்த நிலையம். முகப்பில் நான்கு பளிங்கு உருவங்கள் நிற்கும்: வேளாண்மை, தொழில், வணிகம், போக்குவரத்து. எங்களுக்கு அது குளுவாங் பெரியப்பா வீட்டுக்குப் போகும் வாசல். தலையணை, பலகார டின், அழுகிற தங்கச்சி எல்லாவற்றோடும் அங்கே காத்திருந்திருக்கிறோம். கடைசி இரவு சரியான கூட்டம். கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். எல்லோரும் அவர் பக்கம் முண்ட, நான் பிளாட்பாரத்தில் வந்து நின்ற வயசானவர்களை எடுத்துக்கொண்டிருந்தேன். ரயில் கிளம்பியதும் ஒரு தாத்தா தன் கைத்தடியால் தண்டவாளப் பக்கம் காட்டி, பேரனுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் இதை எழுத உட்கார்ந்ததே ரோலை 35 பற்றிச் சொல்லத்தான்.

ஹைன்ஸ் வாஸ்கே என்ற ஜெர்மானியர் வடிவமைத்து, 1966இல் அறிமுகமான கேமரா. சட்டைப் பையில் போடலாம், ஆனால் உள்ளே போவது முழு அளவு 35 எம்எம் ஃபிலிம். கூலி கட்டுப்படியாகாமல் எழுபதுகளின் தொடக்கத்தில் ரோலை நிறுவனம் உற்பத்தியைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தது. 1981இல் நிறுவனம் நொடித்துப்போகும்வரை இங்கே கேமராக்கள் செய்தார்கள். அதில் வேலை பார்த்த பெண்களில் ஒருவர் என் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. கல்யாணமாகும்வரை போய்வந்தார். தலையில் தொப்பி, கையில் இடுக்கி, கண்ணுக்குத் தெரியாத திருகாணிகள். சின்ன வயதில் நான் கேட்ட கதைகள் இவை. 'அத்தனை செஞ்சோம், ஆனா அதுல நான் ஒரு போட்டோகூட எடுத்ததில்ல' என்பார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய கடையில் ஒரு ரோலை 35 கிடைத்தது. கறுப்பு நிறம், ஓரங்களில் பித்தளை தெரிகிறது, உடம்பில் சிங்கப்பூர் என்று பொறித்திருக்கிறது. நேரே அத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையில் வாங்கினார். கண்ணில் வைத்துப் பார்க்கவில்லை. லென்ஸைப் பிடித்து இழுத்தார், திருகினார், பூட்டிக்கொண்ட சத்தம் கேட்டதும் தலையை ஆட்டினார். பிறகு ஃபிலிமை நகர்த்தும் இடது பக்கத்து லீவரை ஒரு இழு, கட்டை விரலால் பொத்தானை அழுத்தி, லென்ஸைத் திருப்பி உள்ளே தள்ளினார்.

'லீவர இழுக்காம உள்ள தள்ளாத. இழுத்தாத்தான் உள்ள போவும். தெரியாதவன் பலவந்தமாத் தள்ளி ஒடச்சிருவான்.'

எனக்கு அது தெரியும். இருந்தாலும் சொல்லவில்லை. அத்தைக்கு அப்போது எழுபதைத் தாண்டியிருந்தது, விரல் முட்டிகளில் வலி, ஜாடி மூடியைத் திறக்கவே யாரையாவது கூப்பிடுவார். அந்த மூன்று அசைவிலும் விரல் தடுமாறவில்லை. கேமராவைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்து, 'இந்தத் திருகாணி வேற ஆளு போட்டது' என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டால், தலைப் பள்ளத்தில் கீறல் இருக்கிறதாம். தொழிற்சாலையில் அப்படி விட்டால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றார்.

இந்தக் கேமராவில் ஃபோகஸ் பார்க்க வழியே கிடையாது. எதிரில் இருப்பவர் எத்தனை மீட்டரில் இருக்கிறார் என்று நீங்களே மதிப்பிட்டு வளையத்தைத் திருப்ப வேண்டும். தைப்பூசத்தில் பழகிய இரண்டு மீட்டர் இங்கே உதவுகிறது. வெளிச்சத்தை அளக்க இதற்குத் தேவையான பழைய பாதரச பேட்டரி இப்போது விற்பதில்லை. எனக்கு அது தேவையும் இல்லை. உச்சி வெயிலில் 400 வேக ஃபிலிமுக்கு ஷட்டர் நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு, லென்ஸ் துளை எஃப் 16. ரோலையின் உச்ச வேகமும் சரியாக ஐந்நூறுதான். ஐந்தடி நடைபாதை நிழலுக்குள் வந்தால் துளையை மூன்று, நான்கு ஸ்டாப், அதாவது படி, திறக்க வேண்டும். தேக்கா வெயிலும் நிழலும் இப்போது எனக்கு எண்களாகவே தெரிகின்றன.

போன மாதம் அத்தையின் பேரன் நண்பர்களோடு ஊர் சுற்றப் போகிறேன் என்று ரோலையைக் கேட்டு வாங்கிப் போனான். கைபேசியில் எடுத்து அலுத்துவிட்டதாம், இந்த வயதில்! இரவில் ஒரு தகவல் அனுப்பினான்: ஃபிளாஷ் மாட்டும் இடம் கேமராவின் அடியில் இருக்கிறது, முகமெல்லாம் பேய் மாதிரி வராதா மாமா? கேமராவைத் தலைகீழாகப் பிடித்துக்கொள், வெளிச்சம் மேலிருந்து விழும் என்று பதில் போட்டேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து உடனே பாட்டிக்குப் போன் அடித்திருக்கிறான். 'ஆமாடா, தலைகீழாத்தான். மொதல்ல லென்ஸ வெளிய இழுத்தியா?' என்று கேட்டாராம் அத்தை.