படுக்கையை மாத்த வேண்டாம், அக்கா

தில்லியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியூவில் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் ஷிஃப்டில் கேரளம், மணிப்பூர், மிசோரம், ராஜஸ்தான் என்று பல ஊர்க்காரர்கள் உண்டு. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவோம், மோமோ வாங்கிப் பங்குபோட்டுச் சாப்பிடுவோம். நல்ல பழக்கம்தான். ஆனால் அதையே நட்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பது, மணிப்பூரிலிருந்து வந்த ஒரு தோழியோடு வேலை பார்க்கப் பார்க்கத்தான் எனக்குத் தெளிவானது.

அவள் மணிப்பூர் மலைப்பகுதியில் உக்ருல் பக்கம், தாங்குல் நாகா பழங்குடி. இம்பாலில் இறங்கி மலைப்பாதையில் மேலும் சில மணி நேரம் போக வேண்டும். தில்லிக்கு அந்த விவரமெல்லாம் தேவையில்லை, 'நார்த் ஈஸ்ட் பொண்ணு' என்றால் போதும். 2023 மே மாதம் மேதேய்களுக்கும் குக்கிகளுக்கும் இடையே கலவரம் வெடித்தபோது, "நீ எந்தப் பக்கம்?" என்றுதான் இரண்டிலும் சேராத அவளிடம் பலரும் கேட்டார்கள். அங்கே இணையத்தைத் துண்டித்திருந்தார்கள். வீட்டோடு பேச முடிந்ததா என்று கேட்டவர்கள் குறைவு.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அவமானப்பட்ட ஒருவர் வாயைத் திறந்ததும், "எங்களையும்தான் மதராசி, கறுப்பு என்று சொல்கிறார்கள்" என்று ஆரம்பிப்போம். சொல்வது உண்மைதான். ஆனால் அதோடு அவர் பேச்சு நின்று, நம் பேச்சு தொடங்கிவிடுகிறது. இரண்டும் ஒன்றல்ல. ராமகிருஷ்ணபுரத்தில் எனக்கு மலை மந்திர் இருக்கிறது, தமிழ்ச் சங்கம் இருக்கிறது. நான் எந்த நாட்டுக்காரி என்று எந்த ஆட்டோக்காரரும் கேட்டதில்லை. பக்கத்திலேயே முனிர்காவில் வாடகைக்கு இருக்கும் அவளிடம் கேட்கிறார்கள். நான் தமிழச்சி என்பது வாயைத் திறந்தால்தான் தெரியும். அவளை முகத்தை வைத்தே முடிவுகட்டிவிடுகிறார்கள்.

2014 ஜனவரியில் லஜ்பத் நகரில், அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியாவின் தலைமுடியைக் கிண்டல் செய்ததில் தொடங்கிய தகராறில் அவரை அடித்தார்கள். மறுநாள் இறந்துபோனார். அதன் பிறகுதான் வடகிழக்கு மக்களின் பிரச்சினைகளை ஆராய மத்திய அரசின் பெஸ்பருவா குழு அமைந்தது. இன இழிவுக்குத் தனிச் சட்டப்பிரிவு வேண்டும் என்று பரிந்துரைத்தது. தில்லி போலீஸ் 1093 என்ற உதவி எண்ணையும் கொடுத்தது. ஆனால் 2020-இல் கொரோனா வந்ததும், இதே நகரத் தெருக்களில் வடகிழக்குப் பெண்களைப் பார்த்து "கொரோனா" என்று கத்தினார்கள். கவச உடைக்குள் இருந்தவரை நாங்கள் எல்லோரும் ஒன்றுதான். அதைக் கழற்றிவிட்டு வெளியே வந்தால் அந்தச் சத்தம் அவளுக்கு மட்டும்தான். அந்த மே மாதம் கொல்கத்தா தனியார் மருத்துவமனைகளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட மணிப்பூர் நர்ஸுகள் ஊருக்குக் கிளம்பினார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

வார்டுக்குள் இது வேறு மாதிரி வரும். நோயாளியின் உறவினர் ஒருவர், "இந்தியா சிஸ்டர் யாரையாவது அனுப்புங்க" என்பார். பிரச்சினை வேண்டாம் என்று அவளுக்கு வேறு நோயாளியின் படுக்கையை மாற்றிக் கொடுப்பதுதான் வழக்கம். ஒருமுறை சக நர்ஸ் ஒருவர் ஆத்திரப்பட்டு அந்த உறவினரோடு சண்டைக்கே போய்விட்டார். நல்ல எண்ணத்தில்தான் போனார். ஆனால் புகார் என் தோழி மேல் வந்தது. விளக்கக் கடிதமும் அவளே எழுத வேண்டியிருந்தது. அன்றைக்கு டியூட்டி முடிந்து இறங்கும்போது, "இனி இப்படி நடந்தால் நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள்.

"படுக்கையை மாத்த வேண்டாம், அக்கா. சண்டையும் வேண்டாம். ராத்திரி முழுக்க அந்த நோயாளியை நான்தானே பார்க்கணும்? அவங்க சொன்னதை அப்படியே ரிப்போர்ட் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் எழுதினால் எனக்குக் கோபம்னு சொல்லிடுவாங்க."

அதைத்தான் செய்கிறேன். நேரத்தோடு, சொன்ன வார்த்தையோடு எழுதுகிறேன். புத்தகத்தில் ஏறிவிட்டால் இன்சார்ஜ் சிஸ்டர் பார்க்காமல் இருக்க முடியாது. இப்போதெல்லாம் அவரே உறவினர்களிடம், "இந்தப் படுக்கைக்கு இந்த சிஸ்டர்தான்" என்று சொல்கிறார். ஒருவருக்காக நிற்பது என்றால் எப்படி நிற்க வேண்டும் என்று முதலில் அவரிடமே கேட்க வேண்டும். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

அப்புறம் அவள் என்னிடம் கோபப்படத் தொடங்கினாள். மற்றவர்களிடம் எப்போதும் சிரித்த முகம்தான். ஷிஃப்ட் மாறும்போது ஹேண்டோவர் தாமதமானால் என்னிடம் மட்டும் கடுகடுப்பாள். எனக்கு அது பெரிய சந்தோஷம். தப்பாக நினைத்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கும் இடத்தில் யாரும் அப்படிக் கோபப்பட மாட்டார்கள்.

டிசம்பர் ரோஸ்டர் போடும்போது எங்கள் வார்டில் பெரிய போட்டி. அவள் கிறிஸ்தவர், கிறிஸ்துமஸுக்கு உக்ருலில் இருக்க வேண்டும். அந்த வாரத்து நைட் டியூட்டியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றதும், "உதவியாக வேண்டாம்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். சரி, எனக்குப் பொங்கலுக்கு ஊருக்குப் போகணும், அந்த நைட்டை நீ பார் என்றேன். உடனே ஒத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எங்களுக்குள் இதுதான் ஏற்பாடு. இந்த வருஷத்துக்கும் இருவரும் மாற்று விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். இன்சார்ஜ் சிஸ்டர் இன்னும் ஒப்புதல் தரவில்லை. நாளைக்குப் போய்க் கேட்க வேண்டும்.