வாயு என்று நினைத்த வலி

மதியம் உறவினர் வீட்டு விசேஷத்தில் நெய்ச்சோறும் கறியும் சாப்பிட்டிருந்தேன். இரவு பதினொன்றரைக்கு வலி தொடங்கியதும் வாயுப் பிடிப்பு என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அத்தை ஓமத் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுத்தார். வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி, முதுகு வழியாக வலது தோள்பட்டைக்கு ஏறியது. முன்பும் இரண்டு தடவை இப்படி வந்து சில மணி நேரத்தில் தானாக அடங்கியிருக்கிறது. இந்த முறை விடிந்தும் அடங்கவில்லை. வாந்தியும் குளிர்காய்ச்சலும் சேர்ந்துகொண்டன. அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். வாயு மாத்திரையை நம்பி ஒரு பகலை வீணடித்தேன்.

மாலையில் கோத்தகிரியில் பார்த்த மருத்துவர் முதலில் இசிஜி எடுத்தார். மாரடைப்பும் சிலருக்கு மேல்வயிற்று வலியாக வருமாம். பிறகு வலது விலா எலும்புக்கு அடியில் விரல்களை அழுத்தி வைத்து, "மூச்சை நன்றாக இழுங்கள் அம்மா" என்றார். வலியில் பாதியிலேயே மூச்சு நின்றுவிட்டது. பித்தப்பைதான் என்று சொல்லி, அன்றிரவே கோவைக்கு அனுப்பினார். மேட்டுப்பாளையம் வரையிலான 33 கிலோமீட்டர் மலைச்சாலையில் ஒவ்வொரு வளைவும் வயிற்றுக்குள் திரும்பியது.

ஸ்கேனில் பல கற்கள் தெரிந்தன. ஒன்று பித்தப்பையின் கழுத்தில் அடைத்திருந்தது. 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய சுவர் 6 மில்லிமீட்டர் தடித்திருந்தது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கூடியிருந்தன, காமாலை இல்லை. சாப்பாட்டை நிறுத்தி, டிரிப்ஸும் ஆன்டிபயாடிக்கும் ஏற்றினார்கள்.

மறுநாள் வலி குறைந்ததும், தேயிலைக் கொழுந்து வரத்து முடிந்த பிறகு அறுவை சிகிச்சைக்கு வருகிறேன் என்று கெஞ்சினேன். தோட்டத்தை விட்டால் எங்களுக்கு வேறு வருமானம் இல்லை. அறுவை சிகிச்சை நிபுணர் படம் வரைந்து காட்டினார்: மருந்து கிருமியை அடக்கும், கல் அங்கேயேதான் இருக்கும், வீட்டுக்குப் போனால் எந்த இரவிலும் திரும்ப வரலாம். நாள் தள்ளினால் வீங்கிய பை சுற்றுப்புறத்தோடு ஒட்டிக்கொண்டு சிகிச்சை கடினமாகும், முதல் சில நாட்களிலேயே எடுப்பதுதான் நல்லது என்றார். கல்லைக் கரைக்கும் கஷாயம் பற்றி அத்தை கேட்டதற்கு, அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம் என்று பொறுமையாகச் சொன்னார். அந்தப் பொறுமைக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அடுத்த நாள் லேப்பராஸ்கோப்பி முறையில், நான்கு சிறு துளைகள் வழியாகப் பையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வயிற்று வலியைவிடத் தோள் வலிதான் அதிகம்; அறுவை சிகிச்சைக்காக வயிற்றுக்குள் ஏற்றிய வாயுவால் வருவதாம், இரண்டு நாளில் போய்விட்டது. மூன்றாம் நாள் வீடு திரும்பினேன். சில வாரங்களுக்குக் கொழுந்துக் கூடை தூக்கக் கூடாது என்றார்கள், அத்தை தூக்கினார். பையின் திசுப் பரிசோதனை முடிவு பிறகு வந்தது: வீக்கமும் கற்களும் மட்டுமே.