மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு பெட்டி

எந்த பிராசஸர் வாங்கலாம் என்று இரவெல்லாம் படித்துவிட்டு, அதையெல்லாம் வைக்கும் பெட்டியான கேபினட்டை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடி வாங்கி வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு இது விளங்கியதே இல்லை. பிராசஸரைப் பொருத்தி மூடிவிட்டால் அதன் முகத்தை மறுபடி பார்க்கப் போவதில்லை. பென்டிரைவ் செருக, தூசி துடைக்க, ஹார்டு டிஸ்க் மாற்ற, தினமும் கை போவது பெட்டிக்குத்தான்.

நான் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறேன். வீடு சென்னை வில்லிவாக்கத்தில், இரண்டாம் மாடி. மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து, காலையில் துடைத்த மேசையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். அறையில் ஏ.சி. கிடையாது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துத்தான் புதிய கணினிக்குப் பெட்டி தேடினேன். உள்ளே போவது ரைசன் 5 5600ஜி பிராசஸர், ஒரு மைக்ரோ ஏ.டி.எக்ஸ். மதர்போர்டு, பழைய கணினியின் இரண்டு ஹார்டு டிஸ்க்குகள். கிராபிக்ஸ் கார்டு இல்லை. என் வேலைக்கு அந்த பிராசஸரில் உள்ளதே தாராளம். கேபினட்டுக்கு ஒதுக்கிய தொகை மூவாயிரம் ரூபாய். கணினிக்கு மின்சாரம் மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். தனி.

அந்தத் 'தனி' முக்கியம். எஸ்.எம்.பி.எஸ்.ஸும் சேர்த்து மலிவாகத் தருகிற பெட்டிகள் உண்டு. மேலே 450 வாட் என்று ஒட்டியிருக்கும். மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்று சொல்லும் 80 பிளஸ் சான்று எதுவும் இருக்காது. மின்சாரம் அடிக்கடி ஏறி இறங்குகிற வீட்டில் இருபதாயிரம் ரூபாய்ப் பொருட்களை அதன் பொறுப்பில் விட எனக்குத் துணிச்சல் இல்லை.

கணினிப் பொருட்கள் விற்கும் ரிச்சி தெருவுக்கு அண்ணன் மகனையும் அழைத்துப் போனேன். பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும். அவனுக்கு வேறு திட்டம் இருந்தது.

"அத்தை, கண்ணாடி இல்லாமல் இப்போது யார் கேபினட் வாங்குகிறார்கள்? உள்ளே விளக்கெல்லாம் தெரிய வேண்டாமா?"

"உள்ளே என்னடா இருக்கிறது பார்ப்பதற்கு? கிராபிக்ஸ் கார்டுகூட இல்லை."

கண்ணாடி வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் அழகுணர்ச்சி இல்லாததல்ல. எங்கள் வீட்டில் தரை முழுக்க டைல்ஸ். பக்கக் கதவாக வரும் டெம்பர்டு கண்ணாடியின் நடுவில் கையால் தட்டினால் ஒன்றும் ஆகாது. கழற்றி டைல்ஸ் மேல் நிறுத்தும்போது விளிம்பு லேசாக இடித்தால் மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும். மெத்தை மேல் படுக்கவைத்தால் பிழைக்கும். அடிக்கடி திறந்து தூசி தட்டப்போகும் நான் ஒவ்வொரு முறையும் மெத்தையைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அளவு விஷயத்தை முன்பே முடிவு செய்திருந்தேன். ஏ.டி.எக்ஸ். என்பது இன்டெல் நிறுவனம் 1995இல் கொண்டுவந்த மதர்போர்டு அளவு: 305க்கு 244 மி.மீ. மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244க்கு 244. திருகுத் துளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருப்பதால் சிறிய போர்டு பெரிய பெட்டியிலும் உட்காரும். மினி ஐ.டி.எக்ஸ். என்று 170 மி.மீ. சதுரத்தில் இன்னொன்று இருக்கிறது. சிறியதுதானே, விலை குறையும் என்று நினைப்போம். கணினியில் அது நேர்மாறு. போர்டும் பெட்டியும் விலை ஏறும், பல பெட்டிகளுக்குச் சின்ன எஸ்.எம்.பி.எஸ். தேட வேண்டும், உள்ளே கை நுழைக்க இடமிருக்காது. மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டை நடுத்தரக் கோபுரப் பெட்டியில் வைப்பதுதான் நம் பணத்துக்கும் விரல்களுக்கும் நல்லது.

கடையில் முதலில் கேட்டது, "முன்பக்கத்தைக் கழற்றிக் காட்டுங்கள்."

கடைக்காரர் என்னை ஒருமாதிரி பார்த்தார். "மேடம், எல்லோரும் விளக்கைத்தான் போட்டுக் காட்டச் சொல்வார்கள்."

முன்முகப்பு எப்படிக் கழல்கிறது என்பதில்தான் பெட்டியை வடிவமைத்தவரின் மனம் தெரியும். சிலவற்றில் பவர் பட்டனும் யு.எஸ்.பி. துளைகளும் முகப்போடு ஒட்டியிருக்கும். முகப்பை இழுத்தால் ஒயர்களும் கூடவே வரும். அவை மதர்போர்டு வரை போகிறவை. தூசி வலையைக் கழுவ நினைக்கும் ஒவ்வொரு முறையும் இந்த அவஸ்தை. ஒயர்கள் சட்டத்திலேயே நின்றுவிட, முகப்பு மட்டும் தனியாகக் கையோடு வருவதே எனக்கு வேண்டியது. அந்தக் கடையில் என் விலைக்குள் அப்படி இருந்தவை மிகக் குறைவு.

பிறகு காற்று. முகப்பு முழுக்கக் கண்ணாடியோ பளபளப்பான பிளாஸ்டிக்கோ இருந்து, ஓரத்தில் மட்டும் கீறல்போல இடைவெளி விட்டிருந்தால், பின்னால் எத்தனை ஃபேன் சுழன்றாலும் பயன் குறைவு. சல்லடை முகப்புதான் சரி. மே மாதத்தில் அறையே கொதிக்கிறது. அறையைவிடக் குளிர்ந்த காற்றைப் பெட்டிக்குள் கொண்டுவர எந்த ஃபேனாலும் முடியாது. உள்ளே தேங்காமல் வெளியேற்றலாம், அவ்வளவுதான். முன்னால் இரண்டு 120 மி.மீ. ஃபேன்கள் உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளித்தள்ள, 65 வாட் பிராசஸருக்கு இது போதும். உள்ளே வருவது வெளியே போவதைவிடச் சற்று அதிகமாக இருப்பது தூசிக்கும் நல்லது. வெளித்தள்ளல் அதிகமானால், குறைகிற காற்று வலையில்லாத சந்துபொந்துகள் வழியாகத் தூசியோடு நுழையும்.

இலவசமாக வரும் ஃபேன்களின் ஒயர் நுனியையும் பார்க்க வேண்டும். பழைய பாணி மோலெக்ஸ் இணைப்பு என்றால், மின்சாரம் வந்ததும் முழு வேகம்தான், குறைக்க வழியில்லை. மூன்று பின், நான்கு பின் என்றால் மதர்போர்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்த விளக்கு ஃபேன் பெட்டியில் நான்கு ஃபேன்கள், நான்கும் மோலெக்ஸ். அண்ணன் மகன் வாய் திறக்கவில்லை.

பின்புறம் கார்டு செருகும் இடத்தில் தகடு மூடிகள் இருக்குமே, அவற்றையும் திருப்பிப் பார்த்தேன். மலிவுப் பெட்டிகளில் அவை ஒடித்து எடுப்பவை. ஒருமுறை ஒடித்தால் அந்த இடம் திறந்தே கிடக்கும். எங்கள் வீட்டுப் பல்லிக்கு அது போதும். திருகி மாட்டும் மூடியே வேண்டும் என்று நின்றேன். தகட்டின் கனத்துக்கு அளவுகோல் தேவையில்லை. பக்கக் கதவைக் கட்டைவிரலால் அழுத்தினேன். அப்பளம்போல் உள்வாங்கியதை ஒதுக்கினேன். மெல்லிய தகடு, ஹார்டு டிஸ்க் சுழலும்போது சேர்ந்து ரீங்கரிக்கும்.

பிராசஸரின் சூட்டைத் தணிக்கும் கூலரை உயரமாக வாங்குகிறவர்கள் பெட்டியின் அகலத்தைக் கவனிக்க வேண்டும். 120 மி.மீ. ஃபேன் வைத்த கோபுரக் கூலர்கள் 155, 160 மி.மீ. உயரம் வரும்; ஒடுங்கிய பெட்டியில் கதவு மூடாது. எனக்கு பிராசஸருடன் வந்த கூலர் வெறும் 54 மி.மீ. கவலை இல்லை.

மனம் வராமல் விட்டுக்கொடுத்தது டிவிடி டிரைவை. பழைய புத்தகங்களின் பக்கங்கள் எல்லாம் டிவிடியில்தான் இருக்கின்றன. புதிய பெட்டிகளில் அதற்கான அறையையே எடுத்துவிட்டார்கள். வைத்திருந்த ஒரே பெட்டியில் முகப்பு மூடிய பிளாஸ்டிக். கடைசியில் காற்று ஜெயித்தது, யு.எஸ்.பி.யில் செருகும் டிவிடி டிரைவை வேறாக வாங்கிக்கொண்டேன்.

எடுத்த பெட்டி இருபுறமும் தகடு, முன்னால் சல்லடை, மூன்று ஃபேன், 2,850 ரூபாய். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு அடியில் உள்ள தூசி வலை மட்டும் பின்பக்கம் வழியாக உருவும் வகை. சுவரோரம் வைத்தால் பெட்டியை நகர்த்தித்தான் எடுக்க வேண்டும். மூவாயிரத்துக்குள் எல்லாம் கிடைக்காது. எந்த மாடல் என்று கேட்பவர்களுக்குப் பெயர் சொல்வதில்லை. அடுத்த முறை போகும்போது அது அந்தக் கடையில் இருக்காது. அளக்கும் டேப்பை எடுத்துப் போங்கள்.

சென்ட்ரலிலிருந்து மின்சார ரயிலில் அண்ணன் மகனே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். வீட்டில் போர்டைப் பொருத்தி, ஒயர்களைப் பின்பக்கச் சந்தில் இழுத்துக் கட்டியதும் அவன்தான். விளக்கு இல்லாத வருத்தத்தை அதில் தீர்த்துக்கொண்டான். இயக்கிவிட்டுத் தகட்டைத் தொட்டபோது லேசாக ஷாக் அடித்தது. பெட்டியின் குற்றமில்லை, பிளக் பாயின்டில் எர்த் இல்லை. எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்த பிறகுதான் கணினியில் வேலை தொடங்கினேன். இப்போது பின்பக்க ஃபேன் மட்டும் கொஞ்சம் முனகுகிறது. பொங்கலுக்குப் பிறகு அதை மாற்ற வேண்டும்.