பிரவுன் மலை விளக்கு

வட கரோலினாவில் மார்கன்டனுக்குக் குடிவந்த புதிதில் எனக்குப் பேச்சுத்துணை பக்கத்து வீட்டுப் பெரியவர்தான். அக்டோபரில் ஒருநாள் சாயங்காலம் வந்து கதவைத் தட்டினார். "ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், மலைக்குப் போகலாம்" என்றார்.

181ஆம் நெடுஞ்சாலையில் ஏறும்போதே காரில் 'பிரவுன் மலை விளக்கு' என்ற பாட்டைப் போட்டுவிட்டார். எழுதியவர் ஸ்காட்டி வைஸ்மன், இந்த மலைப்பக்கத்துக்காரர். மனைவி லூலு பெல்லோடு சேர்ந்து சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ். வானொலியில் 1930களில் தொடங்கி வருஷக்கணக்காகக் கண்ட்ரி பாடல்கள் பாடியவர். லூலு பெல் பிறந்ததும் இங்கே பூன் ஊரில்தான். 1970களில் அவர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். பெரியவர் இதையெல்லாம் சொன்னது சொந்த அத்தையைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

பாட்டில் வரும் கதை இதுதான்: வேட்டைக்கு வந்த பண்ணை முதலாளி காட்டில் காணாமல் போகிறார். அவருடைய அடிமை லாந்தரோடு இரவும் பகலும் தேடுகிறான். செத்தும் தேடுகிறான். பிரவுன் மலை மேல் தெரியும் வெளிச்சம் அந்த லாந்தர். வீட்டுத் திண்ணையோடு நின்றிருக்க வேண்டிய கதை, பல குழுக்கள் பாடியதால் வெளியூர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

1922இல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை இந்த வெளிச்சத்தைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பார்த்த வெளிச்சங்களில் நூற்றுக்கு 47 கார் விளக்கு, 33 ரயில் விளக்கு, மீதி ஊர் விளக்கும் புதர்த் தீயும். "1916 வெள்ளத்தில் ரயிலே ஓடவில்லையே, அப்போதும் தெரிந்ததாமே?" என்றார் பெரியவர். எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் கொள்ளிவாய்ப் பிசாசைப் பார்த்ததாகச் சொல்லும் ஆச்சியும் இப்படித்தான், விட்டுக்கொடுக்கவே மாட்டாள்.

எனக்கு வேறொன்று உறுத்தியது. 1830களில், மார்கன்டன் இருக்கும் இதே பர்க் கவுண்டியில் தங்கம் தோண்ட அடிமைகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அப்படிப்பட்ட மண்ணில் லாந்தரோடு காட்டுக்குள் நுழைந்தவன் முதலாளியைத் தேடித்தான் போயிருப்பானா? தப்பிக்க வழி தேடியிருக்க மாட்டானா? பாட்டில் அவனுக்கு ஒரு பெயர்கூட இல்லை. இதைச் சொன்னதும் பெரியவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "சின்ன வயதிலிருந்து பாடுகிறேன். இப்படி யோசித்ததில்லை" என்றார்.

பத்து மணி வாக்கில் எதிர்மலை விளிம்பில் செம்மஞ்சளாக ஒரு புள்ளி. நெல்மணி அளவு. கொஞ்சம் பெருத்து, இடப்பக்கம் நகர்ந்து, அணைந்தது. காராகவும் இருக்கலாம்.

"ஓடிவிட்டான்" என்றார் பெரியவர், மெதுவாக.