குழாயைச் சாய்த்துப் பார்த்த இரவு

ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து மூன்றாவது மாதம். கடலூர் மாவட்டத்தில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரி, நைட் ட்யூட்டி. ஏழரை மணிக்கு ஓர் அம்மாவைத் தூக்கி வந்தார்கள். மல்லாட்டைக் கொல்லையில் பாம்பு கடித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. "கண்ணாடி விரியன்தாங்க, நானே பார்த்தேன்" என்றார் வீட்டுக்காரர். முழங்காலுக்குக் கீழே துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

நான் கட்டை அவிழ்க்கப் போனேன். சீனியர் அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "மொதல்ல வென்ஃப்ளான் போடு, டாக்டர் வரட்டும். சட்டுனு அவிழ்த்தா மொத்தமா ஏறிடும்." மருந்து ஏற்ற ரத்தக் குழாயில் போட்டு வைக்கும் ஊசிக்குழாய்தான் வென்ஃப்ளான்.

மெட்டியைக் கழற்றினோம், வீங்கிவிட்டால் வெட்டித்தான் எடுக்கணும். புறங்காலில் நாடி பார்த்து, வீக்கம் நின்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதினேன். பழக்க தோஷத்தில் டி.டி. (டெட்டனஸ்) ஊசியையும் எடுத்துவிட்டேன். அக்கா முறைத்தார். ரத்தம் உறையுமா என்று தெரியாமல் தசையில் குத்தினால் உள்ளேயே கட்டிக்கொள்ளும்.

அடுத்தது ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் இருபது நிமிஷ டெஸ்ட். 2 மில்லி ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் வைத்து, இருபது நிமிஷம் கழித்து ஒரே ஒருமுறை சாய்க்கணும். சாய்த்தேன். தண்ணீராக ஓடியது. டாக்டரைக் கூப்பிட ஓடினேன்.

"குழாய் எங்கிருந்து எடுத்த?" என்றார் அக்கா.

ஸ்டாண்டில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததிலிருந்து. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயில் நல்ல ரத்தமும் உறையாது. இந்த முறை புதுக் குழாய்கள் இரண்டு. ஒன்றில், குழாய் சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க, வீட்டுக்காரரின் ரத்தம். "எனக்கு எதுக்கும்மா, என்னையா கடிச்சுது?" என்று கேட்டுக்கொண்டேதான் கையை நீட்டினார். இரண்டுமே உறைந்தன. எனக்குப் போன உயிர் வந்தது. அக்கா மட்டும் நம்பவில்லை. "அரை மணிக்கு ஒருதரம் போட்டுக்கிட்டே இரு."

ஒன்பது மணிக்கு எடுத்தது உறையவே இல்லை. அதற்குள் வென்ஃப்ளான் போட்ட இடத்தில் பிளாஸ்டர் நனைந்திருந்தது. துப்பச் சொன்னால் எச்சிலில் சிவப்பு. விரியன் விஷம் ரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தின்று தீர்த்துவிடும். முதல் ஓரிரு மணி நேரத்தில் அது தெரியாமலே போகலாம்.

ஏ.எஸ்.வி., அதாவது பாம்பு விஷ முறிவு மருந்து, பத்துக் குப்பி. உள்ளே பொடி. ஒவ்வொன்றிலும் 10 மில்லி தண்ணீர் விட்டு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டணும்; குலுக்கினால் நுரைத்துவிடும். இருவரும் உட்கார்ந்து உருட்டினோம். (இந்த மருந்தைச் செய்யத் தேவையான விஷத்தை, 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் வடநெம்மேலியில் பாம்புகளிடமிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.) சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏற்றினோம். முதல் கால் மணி நேரம் சொட்டுச் சொட்டாக. மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் போட அட்ரினலினை சிரிஞ்சில் எடுத்து டிரேயில் வைத்துக்கொண்டு, அரிப்பு, தடிப்பு, மூச்சு இழுப்பு வருகிறதா என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

மறு டெஸ்ட் ஆறு மணி நேரம் கழித்துத்தான். மருந்து விஷத்தை முறிக்கும், அவ்வளவுதான்; தீர்ந்துபோனதை ஈரல்தான் புதிதாகச் செய்யணும். அதுவரை சிறுநீர் அளவு, அதன் நிறம், பி.பி., பேனாக் கோடு. கோடு இரண்டு விரற்கடை ஏறியிருந்தது.

மூன்றே முக்காலுக்குச் சாய்த்தேன். ஓடியது. இன்னும் பத்துக் குப்பி.

காலையில் ட்யூட்டி முடிந்தும் கிளம்ப மனசு வரவில்லை. பத்தேகாலுக்கு எடுத்த குழாயை இருபது நிமிஷம் கழித்துச் சாய்த்தேன். அசையவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தே பார்த்தேன், அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகுதான் அந்த டி.டி. ஊசியைப் போட்டேன்.