சில்லறை இல்லை அண்ணை

என்ர லொத்தர் ரிக்கற் மேசை லாச்சியத் திறக்கேக்க இருபது ரூபாத் தாள் கட்டு கண்ணில பட்டாலே அந்த அண்ணையின்ர முகம்தான் வருது. "சில்லறை இல்லை அண்ணை, ரிக்கற்றா எடுங்கோவன்" எண்டு நான் சொன்னது. சில்லறை இருந்தது. றப்பர் பாண்ட் போட்டு என்ர கைக்குக் கீழதான் கிடந்தது.

அதுக்கு ரெண்டு நாள் முந்தி அவற்ர மனுசி வந்தவ. "தம்பி, குறை நினையாதேங்கோ, அவருக்கு இனி ரிக்கற் குடாதேங்கோ, மேசன் வேலைக் கூலி முழுசா வீட்ட வந்து கனகாலம்" எண்டா. நான் "அக்கா, நான் குடுக்காட்டி சந்தியில இருக்கிறவரிட்ட வாங்குவார், என்னட்ட எண்டா அளவாத்தான் வாங்குறார்" எண்டன். அவ ஒண்டும் கதைக்கேல்ல, கீரைப் பையை மற்றக் கைக்கு மாத்திப் பிடிச்சா, "சரி தம்பி" எண்டிட்டுப் போட்டா.

நான் சொன்னது பொய் இல்லை, அவர் அங்க போய் வாங்கியிருப்பார்தான். ஆனா அந்த "அளவா" எண்டதை நான் எதால அளந்து சொன்னன்? நாளுக்கு ஆறு ரிக்கற், 240 ரூபா, முப்பது நாளும் வந்தா 7,200. இந்தக் கணக்கை நான் போட்டுப் பாத்தது அவ போனாப்பிறகு.

ரெண்டாம் நாள் பின்னேரம் அண்ணை வந்து முதல்நாள் மகாஜன சம்பத லொத்தர் ரிக்கற் ஒண்டை நீட்டினார், எழுத்து மட்டும் சரிவந்திருந்தது, பரிசு 40 ரூபா. ரிக்கற் வாங்கிற ஆக்களுக்குத் தெரியும், ஓர் இங்கிலீசு எழுத்தும் ஆறு இலக்கமும், இலக்கம் மட்டும் எண்டாலே பத்து லட்சத்தில ஒண்டு, 26 எழுத்தையும் சேர்த்தா 2 கோடியே 60 லட்சத்தில ஒண்டு. ஆனா எழுத்து மட்டும் எண்டா 26இல ஒண்டு, அது அடிக்கடி விழும், விழுறபடியாத்தான் ஆக்கள் விடாம வருவினம். அந்த 40ஐ நாங்கள் காசாக் குடுக்கிறது குறைவு, பதிலுக்கு இன்னொரு ரிக்கற்றைக் கிழிச்சுக் குடுப்பம், அவையும் ஒண்டும் சொல்லாம வாங்கிக்கொண்டு போவினம். அது ஒரு சட்டமும் இல்லை, எங்கட மேசைப் பழக்கம்.

அண்டைக்கு அவர் "தம்பி, இண்டைக்குக் காசாத் தாரும்" எண்டார்.

ஏன் கேட்டார் எண்டு எனக்குத் தெரியாது. பஸ்ஸுக்கோ, பாணுக்கோ, இல்லாட்டி மனுசி சொல்லி நிப்பாட்டத்தான் யோசிச்சாரோ. ரெண்டு நாளைக்கு முந்தி அவ வந்து கேட்டது என்ர காதுக்குள்ள இருக்கேக்கதான் நான் சில்லறை இல்லை எண்டு சொன்னனான். அவர் ஒருக்கா லாச்சியைப் பாத்தார், பிறகு என்னைப் பாத்தார், ரிக்கற்றை வாங்கிச் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள வச்சிட்டுப் போட்டார்.

என்ர பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. 20 ரூபா ரிக்கற் 2023இல 40 ஆனாப்பிறகு ஆக்கள் குறைஞ்சிட்டினம், அண்டைக்கு என்னட்ட பதினொரு ரிக்கற் மிஞ்சிக் கிடந்தது, சீட்டிழுப்பு முடிஞ்சா அது வெறும் தாள். நான் செய்யிறது களவும் இல்லை. தேசிய லொத்தர் சபை 1963ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால வந்தது, லாபம் அரசாங்கத்துக்குப் போகுது, அபிவிருத்தி லொத்தர் சபையின்ர காசு ஜனாதிபதி நிதியத்துக்குப் போய் அதில இருந்துதான் இருதய ஒப்பரேசனுக்கும் கிட்னிக்கும் ஏழைச் சனத்துக்கு உதவி கிடைக்குது. ஆனா அந்த 40 ரூபா அரசாங்கத்தின்ர இல்லை, என்ரயும் இல்லை, விழுந்த பரிசு, அவற்ர காசு. இதில வந்து நிண்டா எனக்கு மேல கதை வருகுதில்லை.

அந்த ரிக்கற்றுக்கு ஒண்டும் விழேல்ல. விழுந்திருந்தா நான் அவருக்கு நல்லது செய்த ஆள் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சிருப்பன், அதை நினைக்க இன்னும் வெக்கமாக் கிடக்கு.

மனுசியைப் பிறகு ரெண்டு தரம் சந்தையில கண்டனான், கதைக்க வாய் வரேல்ல. அண்ணை அடுத்தநாளும் வந்தார், அதே ஆறு. ஒரு கிழமை கழிச்சுத் திரும்ப ஒரு 40 விழுந்தது, நான் அவர் கேக்க முதலே ரெண்டு இருபது ரூபாத் தாளை எடுத்து நீட்டினன். "வேண்டாம் தம்பி, ரிக்கற்றாவே தாரும்" எண்டார். நான் தாளை நீட்டினபடியே கொஞ்சநேரம் இருந்தன், பின்னால ரெண்டு பேர் நிண்டவை, ஒராள் அவசரப்பட்டார். கிழிச்சுக் குடுத்திட்டன்.